மிளகு நிற்க மாட்டேன் என்றது: வீட்டில் கலந்த ஒரு சந்தன சென்ட்

மிளகு எண்ணெயை முதன்முதலாக மோந்து பார்ப்பவர்கள் கொஞ்சம் ஏமாந்துதான் போவார்கள். காரமே இருக்காது. காரத்துக்குக் காரணமான பைப்பரின் ஆவியாகாத பொருள் என்பதால், நீராவியில் வடிக்கும்போது சக்கையோடு தங்கிவிடும். எண்ணெயில் ஏறி வருவது பைனீன், லிமோனீன், சபினீன், கேரியோஃபிலீன் என்று காற்றில் கிளம்பக்கூடிய சரக்கு மட்டும். மிளகை அம்மியில் வைத்துத் தட்டிய நொடியில் எழுமே, பச்சையாக, கூர்மையாக, எலுமிச்சை லேசாகத் தொட்டுக்கொண்டு, அந்த வாசம்தான் புட்டியில் கிடைக்கும். அதுவும் அரை மணி நேரத்துக்கு மேல் நிற்காது.

நான் செய்ய நினைத்தது மரமும் மசாலாவும் சேர்ந்த ஒரு சென்ட். ஆண், பெண் யார் போட்டாலும் உறுத்தக்கூடாது. செடி, வேர், மரம், பிசின் இவற்றிலிருந்து எடுத்த எண்ணெயும் சாறும் மட்டுமே சேர வேண்டும். இதில் மரத்தின் பக்கம் கவலையே இல்லை. சந்தனமும் வெட்டிவேரும் மறுநாள் காலை வரை துணியில் இருக்கும். தொல்லை மசாலாப் பக்கம்தான். ஏலக்காய், மிளகு, ஜாதிக்காய் மூன்றும் முதல் பத்து நிமிடம் ஆட்டம் போட்டுவிட்டுக் கிளம்பிவிடும். சந்தனமோ மெதுவாகத்தான் எழுந்திருக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு பள்ளம் விழுகிறது. கடை சென்ட்களில் அந்தப் பள்ளத்தை ஐசோ ஈ சூப்பர் மாதிரியான செயற்கை மரவாசப் பொருள்களால் நிரப்பிவிடுவார்கள். அது கூடாது என்று வைத்துக்கொண்டால் வேலை அங்கேதான் இருக்கிறது.

முதலில் சந்தனம். நல்ல சந்தன எண்ணெய் கிலோ விலை லட்சங்களில் போகும் பொருள். அதனால் கலப்படமும் அதிகம். மறையூர் காட்டுச் சந்தனக் கட்டையைக் கேரள வனத்துறை ஏலம் விடுகிறது. தமிழ்நாட்டில் 2002இல் சட்டம் மாறிய பிறகு பட்டா நிலத்துச் சந்தன மரம் நில உரிமையாளருக்கே சொந்தம் என்றாலும், வெட்டவும் விற்கவும் வனத்துறை வழியாகத்தான் போக வேண்டும். ஆஸ்திரேலியாவின் குனுனுரா பகுதியில் நம் சந்தனத்தையே, அதாவது சான்டாலம் ஆல்பத்தையே, தோட்டப் பயிராக வளர்க்கிறார்கள். எங்கே வாங்கினாலும் ரசீதும் பகுப்பாய்வுத் தாளும் தருபவரிடம் வாங்குங்கள். சர்வதேசத் தர அளவுப்படி ஆல்ஃபா சான்டலால் 41 முதல் 55 சதவீதம், பீட்டா சான்டலால் 16 முதல் 24 சதவீதம் இருக்க வேண்டும். தாளில் அந்த இரண்டு வரிகளைப் பார்த்தால் போதும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனையும் உண்டு. சின்னக் கண்ணாடிக் குழாயில் 1 மில்லி எண்ணெய்க்கு 70 சதவீத எத்தனாலை 5 மில்லி ஊற்றிக் குலுக்கினால், நல்ல எண்ணெய் கண்ணாடி மாதிரித் தெளிந்து கரையும். விளக்கெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ கலந்திருந்தால் கலங்கிப் பால் நிறமாகும், கொஞ்ச நேரத்தில் அடியில் உருண்டு நிற்கும். செயற்கைச் சந்தன வாசத்தை இது பிடிக்காது. அதற்கு மூக்குதான். உண்மையான சந்தனம் தொடங்கும்போது கூச்சப்பட்டுப் பேசாமல் இருந்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்துத்தான் வாய் திறக்கும். மூடியைத் திறந்ததுமே அறை முழுக்கச் சந்தனம் என்றால் சந்தேகப்படலாம்.

கருவிகள் அதிகம் வேண்டாம். 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு, கண்ணாடி டிராப்பர்கள், 10 மில்லி பழுப்புப் புட்டிகள், மோந்து பார்க்க, கெட்டியான வரைபட அட்டையை விரல் நீளத்துக்கு வெட்டிய சீட்டுகள். சொட்டுக் கணக்கில் மட்டும் கலக்காதீர்கள். எலுமிச்சை எண்ணெயின் சொட்டும் வெட்டிவேர் எண்ணெயின் சொட்டும் ஒரே எடை கிடையாது. டிராப்பர் மாறினாலும் மாறும். இன்று பிடித்துப்போன கலவையை அடுத்த மாதம் மறுபடி செய்ய வேண்டுமென்றால் கிராம் கணக்கு இருந்தாக வேண்டும். எல்லா எண்ணெயையும் முதலில் எத்தனாலில் 10 சதவீதமாகக் கரைத்து வைத்துக்கொண்டு அதில்தான் சோதனை செய்தேன். விலை உயர்ந்த சரக்கு வீணாகாது என்பது ஒரு காரணம். பச்சௌலி இலை, நாகர்மோத்தாக் கிழங்கு மாதிரியான முரட்டு எண்ணெய்களின் உள்வாசம் நீர்த்த பிறகுதான் தெரியும் என்பது இன்னொரு காரணம்.

மூக்கு களைத்துப்போனால் காபிக் கொட்டையை மோந்து பார்க்கச் சொல்வார்கள். கடைகளில் கிண்ணத்தில் வைத்தும் இருப்பார்கள். அதுவும் இன்னொரு வாசம்தானே? சன்னல் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தாலே சரியாகிவிடும். இல்லையென்றால் சொந்த முழங்கையை மோந்து பாருங்கள்.

அடித்தளத்திலிருந்து தொடங்கினேன். சந்தனத்தோடு தேவதாரு. இமயமலைத் தேவதாரு எண்ணெய் மரப்பட்டறை வாசம் அடிக்கும். ஆனால் முதல் சில நிமிடங்களுக்கு ஒரு புளிப்பு நெடி இருக்கும், அளவு கூடினால் தொழுவம் நினைவுக்கு வரும். சந்தனத்தில் பாதிக்கும் குறைவாக வைத்தால் அது அடங்கிவிடுகிறது. அடுத்து வெட்டிவேர். கடலூர் பக்கக் கடற்கரை மணலில் இதைப் பயிரிடுகிறார்கள். மணல் என்பதால் வேர் அறுபடாமல் வரும். வடக்கே கன்னோஜில் காட்டு வெட்டிவேரைச் செம்புப் பாத்திரத்தில் வடித்து எடுக்கும் ரூஹ் கஸ் என்ற எண்ணெய் பச்சை நிறத்தில் இருக்கும், நிறம் செம்பு தந்தது. அது அருமையான பொருள்தான், ஆனால் தனியாக நின்றே பேசக்கூடியது. கலவைக்கு நம் பக்கத்து வெட்டிவேர் எண்ணெயே வசதி. ஈர மண், கொஞ்சம் புகை, உற்றுக் கவனித்தால் பம்ப்ளிமாஸ் தோலின் கசப்பு.

இந்த மூன்றும் சேர்ந்த சீட்டை இரவு மேசையில் வைத்துவிட்டுக் காலையில் எடுத்தால் அதுவே ஒரு முழு சென்ட் போலத்தான் இருந்தது. இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம் என்றுகூடத் தோன்றியது.

மசாலா சேர்த்ததும் கதை மாறியது. ஏலக்காய் எனக்குப் பிடித்த வாசம் என்பதால் தாராளமாகவே போட்டேன். நல்ல ஏல எண்ணெயில் சினியோலும் டெர்பினைல் அசிடேட்டும் சேர்ந்து குளிர்ச்சியும் இனிப்புமாக வரும். கூடவே சாம்பிராணிப் பிசின், அதாவது பென்சாயின். இது நல்ல நங்கூரம். பறப்பதைக் கொஞ்சம் பிடித்து வைக்கும், வெனிலா மாதிரி இனிக்கும். ஏலம், சாம்பிராணி, சந்தனம் மூன்றும் சேர்ந்த சீட்டை அம்மாவிடம் நீட்டினேன்.

"என்னடா, பாயச வாசம் வருது."

சரியாகச் சொன்னார். பாலும் முந்திரியும் மட்டும்தான் பாக்கி. ஒரு சென்ட் ஆண் பக்கமோ பெண் பக்கமோ சாய்வதாகத் தோன்றுவது இப்படிப்பட்ட இடங்களில்தான் என்று நினைக்கிறேன். இனிப்பைக் கூட்டினால் ஒரு பக்கம். எலுமிச்சை, தேவதாரு, லாவெண்டர் கூடினால் முடிதிருத்தும் கடையில் ஷேவிங்குக்குப் பிறகு தடவும் திரவம். சந்தனத்துக்கு அப்படி ஒரு பக்கம் கிடையாது. நம் கல்யாணங்களில் வரவேற்பில் நிற்கும் தட்டிலிருந்து மாமாவும் எடுப்பார், அத்தையும் எடுப்பார். 1994இல் கால்வின் க்ளைன் கம்பெனியின் சிகே ஒன் வந்தபோது இருபாலருக்குமான சென்ட் என்பதையே விளம்பரமாக்கினார்கள். நம் அத்தர்காரர்கள் அந்தக் கேள்வியைக் கேட்டதாகவே தெரியவில்லை. ஏலத்தைப் பாதிக்கும் கீழே குறைத்தேன், சாம்பிராணியையும் குறைத்தேன். பாயசம் போனது. ஆனால் பள்ளம் திரும்பி வந்துவிட்டது.

கிராம்பு கொஞ்சம் உதவியது. அதிலுள்ள யூஜெனால் மிளகு எண்ணெயைவிட நன்றாகவே நிற்கும். ஆனால் கூட்டினால் பல் டாக்டர் அறை. தோலுக்கும் ஆகாது. தோலில் பூசும் சென்ட்டில் யூஜெனால் 2.5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று சர்வதேச வாசனைப் பொருள் சங்கமான இஃப்ரா வரம்பு வைத்திருக்கிறது. கிராம்பு எண்ணெயில் முக்கால் பங்குக்கு மேல் யூஜெனால்தான். பட்டை எண்ணெயைத் தொடவே இல்லை. இயற்கை என்றால் பாதுகாப்பு என்று சொல்பவர்களைப் பட்டை எண்ணெயை நேராகக் கையில் தடவிப் பார்க்கச் சொல்லலாம். வேண்டாம், சொல்லாதீர்கள், கொப்பளித்துவிடும்.

அடுத்து, கார்பன் டை ஆக்சைடை அழுத்தத்தில் செலுத்தி எடுக்கும் மிளகுச் சாறு. நீராவியின் சூடு படாததால் கனமான வாசப் பொருள்களும் இதில் வந்து சேரும். வாங்கும்போது விசாரித்து வாங்குங்கள். இரண்டு வகை உண்டு. 'டோட்டல்' என்று விற்பதில் பைப்பரினும் வந்துவிடும், தோலில் எரியும், எத்தனாலில் நாளடைவில் படிகமாக அடியில் இறங்கும். 'செலக்ட்' வகைதான் சென்ட்டுக்கு ஆகும். இதைச் சேர்த்ததும் மிளகின் ஆயுள் ஒரு மணி நேரத்தை நெருங்கியது. நல்ல முன்னேற்றம், ஆனாலும் சந்தனம் எழும் நேரத்தில் மிளகு வாசலைத் தாண்டியிருந்தது.

விடை நாட்டு மருந்துக் கடையில் இருந்தது. நலங்கு மாவுக்குப் போடும் கோரைக்கிழங்கு. சித்த மருந்துக்காரர்கள் முத்தக்காசு என்பார்கள். வயலில் களை எடுப்பவர்களிடம் இதன் பெயரைச் சொன்னால் திட்டு விழும், அவ்வளவு பிடிவாதமான களை. கிழங்கு கொண்டைக்கடலையைவிடக் கொஞ்சம் பெரிதாக, கறுத்து, சுருங்கி, நார் நாராக முடி ஒட்டிக்கொண்டு இருக்கும். இடுக்கியால் உடைத்தால் உள்ளே வெளிர்பழுப்பு. உடைத்த இடத்தில் மூக்கை வைத்தால் முதலில் காய்ந்த மரம், கொஞ்சம் கற்பூரம், பின்னாலேயே மிளகு. எந்த மிளகும் பக்கத்தில் இல்லாமலே மிளகு.

இதற்கு உறுதியான காரணம் இருக்கிறது. ரோட்டண்டோன் என்றொரு பொருள் இந்தக் கிழங்கில்தான் 1960களில் கண்டெடுக்கப்பட்டது. அப்போது அதன் வாசத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 2008இல் ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள், ஷிராஸ் திராட்சை ஒயினில் வரும் மிளகு வாசம் எதனால் என்று தேடிப் போய் இதே பொருளில் வந்து நின்றார்கள். மிளகிலும் மிளகு வாசம் தரும் முக்கியப் பொருள்களில் இது ஒன்று என்பதும் அப்போதுதான் தெரிய வந்தது. தண்ணீரில் லிட்டருக்கு 8 நானோகிராம் இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். பைனீன் மாதிரி லேசானது இல்லை, பதினைந்து கார்பன் கொண்ட கனமான மூலக்கூறு, எனவே சீக்கிரம் பறக்காது. மரத்தோடு தங்கக்கூடிய மிளகு என்றே இதைச் சொல்லலாம்.

அந்த ஆய்விலேயே இன்னொன்றும் தெரிந்தது. சோதித்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு, லிட்டருக்கு 4000 நானோகிராம் போட்டும் இந்த வாசம் தெரியவில்லை. எங்கள் வீட்டில் தங்கை அந்த ரகம் போலிருக்கிறது. நான் மிளகு, மிளகு என்று குதித்துக்கொண்டிருந்த சீட்டை மோந்து பார்த்துவிட்டு, "அண்ணா, இதுல வெறும் கட்டை வாசம்தான் வருது" என்று வைத்துவிட்டுப் போய்விட்டாள். யாருக்காவது செய்து கொடுப்பதாக இருந்தால் அவர் மூக்கை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கோரைக்கிழங்கின் எண்ணெய் நாகர்மோத்தா என்ற பெயரில் விற்கிறது. வடிப்பது பெரும்பாலும் அதன் நெருங்கிய உறவான சைபெரஸ் ஸ்காரியோசஸிலிருந்து. புகை, தோல், மண் எல்லாம் கலந்த அடர்ந்த வாசம். பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் சந்தனம் இருந்த இடம் தெரியாது. 6 சதவீதத்தில் வைத்தேன். கூடவே பச்சௌலி 5 சதவீதம். பச்சௌலியில் ஆல்ஃபா குவாயீன் என்ற பொருள் இருக்கிறது, அது காற்றுப்பட்டு மெல்ல ஆக்சிகரணம் அடைந்தால் கிடைப்பவற்றில் ரோட்டண்டோனும் ஒன்று. பழைய பச்சௌலிக்குத் தனி மதிப்பு இருப்பதற்கு வேறு காரணங்களும் உண்டு, ஆனால் இந்தக் கலவைக்கு எனக்கு இது போதுமான சாக்கு.

இப்போது சீட்டில் நடந்தது இது. தொடக்கத்தில் மிளகு எண்ணெயின் பச்சை மிளகு. அது இறங்கும்போது மிளகுச் சாறு. அதுவும் இறங்கும்போது, மிளகு போய்விட்டது என்று நினைக்கும் இடத்தில், வெட்டிவேருக்குப் பின்னாலிருந்து காய்ந்த மிளகு வாசம் ஒன்று வந்து சந்தனத்தின் மேல் உட்கார்ந்துகொள்கிறது. மூன்றும் வேறு வேறு சரக்கு. மூக்கு அதை ஒரே மிளகாகத்தான் எடுத்துக்கொள்கிறது.

நான் நிறுத்திய அளவு, 10 கிராம் கலவைக்கு:

சந்தனம் 2.50
வெட்டிவேர் 1.20
தேவதாரு 1.00
நாகர்மோத்தா 0.60
பச்சௌலி 0.50
குந்திரிக்க எண்ணெய் 0.60
சாம்பிராணிச் சாறு, எத்தனாலில் பாதிக்குப் பாதி கரைத்தது 0.60
மிளகு எண்ணெய் 1.20
மிளகுச் சாறு, செலக்ட் 0.50
ஏலக்காய் 0.35
ஜாதிக்காய் 0.25
கிராம்பு 0.20
எலுமிச்சை, வடித்தது 0.50

குந்திரிக்கம் எலுமிச்சைக்கும் மிளகுக்கும் நடுவே நின்று தொடக்கத்தைக் கொஞ்சம் காற்றோட்டமாக்குகிறது. போடாவிட்டாலும் குடி முழுகிவிடாது. எலுமிச்சை மட்டும் வடித்ததாகவே இருக்கட்டும். தோலைப் பிழிந்து எடுத்த எண்ணெயைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் கறுத்துப் புண்ணாகலாம். வடித்ததில் அந்தத் தொல்லை தரும் பொருள்கள் வராது.

கனமானவற்றை முதலில் எடை போடுங்கள். சந்தனம், வெட்டிவேர், நாகர்மோத்தா, பச்சௌலி, சாம்பிராணி. பிறகு மசாலா. எலுமிச்சை கடைசியில். வெட்டிவேர் எண்ணெய் குளிர்காலத்தில் டிராப்பரில் ஏறவே ஏறாது. புட்டியை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் நிறுத்தினால் வழிக்கு வரும். கலந்த 10 கிராமை அப்படியே மூடி இருட்டான அலமாரியில் ஒரு வாரம் விட்டேன். எத்தனால் சேர்ப்பது அதற்குப் பிறகு.

எத்தனால் விஷயத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம். சென்ட் செய்வதற்கென்றே விற்கும் 95 சதவீத எத்தனால், ரசீதோடு வாங்கியது. பெயின்ட் கடை ஸ்பிரிட்டில் மெத்தனால் இருக்கலாம், அது தோல் வழியாகவும் உள்ளே போகும் விஷம். கை கழுவும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கலந்தால் எல்லாமே ஆஸ்பத்திரி வாசம் அடிக்கும். வீரியம் குறைந்ததும் ஆகாது. தண்ணீர் கூடினால் மிளகிலும் எலுமிச்சையிலும் உள்ள பைனீன், லிமோனீன் போன்ற டெர்பீன்கள் கரையாமல் பிரிந்து புட்டி கலங்கிவிடும். அடுப்பு எரியும்போது சமையலறையில் இந்த வேலையை வைத்துக்கொள்ளவும் கூடாது.

10 கிராம் கலவைக்கு 40 கிராம் எத்தனால். ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய் என்பது நம் வெயிலுக்குப் போதும். இந்த அளவில் கிராம்பு மொத்தத்தில் 0.4 சதவீதம்தான் வருகிறது, யூஜெனால் வரம்புக்கு வெகு கீழே. அந்த 40இல் 10 கிராமுக்கு வெறும் எத்தனாலுக்குப் பதில் கோரைக்கிழங்கு ஊறல் சேர்த்தேன். கிழங்கை இடித்து, எடையில் பத்து மடங்கு எத்தனாலில் ஒரு மாதம் ஊறவைத்து வடிகட்டியது. டீ நிறம், மெல்லிய வாசம். இது இல்லாமலும் சென்ட் நிற்கும். கடையில் 50 ரூபாய்க்கு ஒரு பொட்டலம் நிறையக் கிடைக்கும் கிழங்கு இவ்வளவு வேலை செய்யும்போது புட்டியில் அதற்கு ஓர் இடம் கொடுக்க வேண்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு காத்திருப்பு. முதல் வாரம் எத்தனாலின் கூர்மைதான் முன்னால் நிற்கும், மசாலா தனியாக, மரம் தனியாக இருக்கும். ஒரு மாதத்துக்கு முன்னால் தீர்ப்பு சொல்லாதீர்கள். பிறகு புட்டியை ஓர் இரவு ஃபிரீசரில் வைத்தால் மிளகுச் சாற்றின் மெழுகும் சாம்பிராணியின் வண்டலும் திரண்டு அடியில் இறங்கும். குளிர் மாறுவதற்குள் காபி வடிகட்டும் தாளில் வடிகட்டிவிட வேண்டும். சூடானால் மெழுகு மறுபடி கரைந்து தாளைத் தாண்டிப் போய்விடும்.

போடுவதற்கு முன் முழங்கையின் உட்பக்கம் கொஞ்சம் தடவி இரண்டு நாள் பார்த்துக்கொள்ளுங்கள். தோலில் இது சீட்டில் இருப்பதைவிட வேகமாக நகர்கிறது. நம் ஊர் வெயிலில் மிளகும் ஏலமும் பத்தே நிமிடத்தில் இறங்கிவிடும். ஆனால் வியர்வையோடு சேர்ந்தால் சந்தனம் நன்றாகவே விரிகிறது. மாலை வரை கழுத்தோரம் மரமும் காய்ந்த மிளகும் இருக்கிறது. தூரத்திலிருப்பவருக்குத் தெரியாது, பக்கத்தில் வந்தால்தான் தெரியும். இயற்கைச் சரக்கில் செய்தால் வீச்சு இவ்வளவுதான். பஸ்ஸில் மூன்று சீட் தள்ளி இருப்பவருக்கும் தெரிய வேண்டும் என்பவர்களுக்கு இது சரிப்படாது. நிறம் பழுப்பு, வெள்ளை வேட்டி சட்டையில் நேராக அடித்தால் கறை விழும்.

எத்தனால் கிடைக்காதவர்கள், வேண்டாம் என்பவர்கள் இதையே எண்ணெயில் செய்யலாம். ஜொஜோபா எண்ணெயோ, ஆறினாலும் உறையாத பின்னப்படுத்திய தேங்காய் எண்ணெயோ எடுத்துக்கொண்டு, ரோல்-ஆன் புட்டியில். சாம்பிராணிச் சாறு எண்ணெயில் சரியாகக் கரையாது, அதை விட்டுவிட்டு அந்த அளவுக்குச் சந்தனத்தைக் கூட்டுங்கள். எண்ணெயில் எதுவும் எத்தனாலில் போல எகிறிக் கிளம்பாது. அதனால் மிளகு எண்ணெயை ஒன்றரை மடங்காக்கி நாகர்மோத்தாவை 0.40க்குக் குறைத்தால்தான் தொடக்கத்தில் மசாலா தெரிகிறது. எத்தனால் புட்டியோ எண்ணெய்ப் புட்டியோ, கழுத்து வரை நிரப்பிக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். காற்றுப்பட்டால் லிமோனீனும் பைனீனும் கெட்டுத் தோலில் அரிப்பை உண்டாக்கும். கலந்த தேதியை மூடியில் எழுதி ஒட்டிவிட்டு, ஒரு வருடத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது.